விசைப்படகு உந்துகைக் கோளாறுகள்

விசைப்படகு உந்துகைக் கோளாறு என்பது, எஞ்சின் உள்ளே பொருத்தப்பட்ட சிறு படகொன்றில், எஞ்சின் தரும் ஆற்றல் படகைச் செலுத்தும் விசையாக மாறாமல் தடைப்படுவதைக் குறிக்கும். எஞ்சின் நின்றுபோவது மட்டுமன்றி, எஞ்சின் ஓடியும் படகு நகராமை, வேகக் குறைவு, மிகையான அதிர்வு ஆகியனவும் இதில் அடங்கும்.

தமிழ்நாட்டுக் கடற்கரையின் மீன்பிடி விசைப்படகுகள் உள்ளே பொருத்திய டீசல் எஞ்சினால் இயங்குகின்றன. நடுக்கடலில் இவை பழுதடைந்தால் காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துச் செல்லும். பாக்கு நீரிணையில் 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லை கரைக்கு அண்மையில் உள்ளதால், பழுதான படகு எல்லை தாண்டி, அதிலுள்ளோர் சிறைப்பட நேரிடலாம்.

அமைப்பு

எஞ்சினின் சுழற்சி கியர்ப்பெட்டியில் வேகம் குறைக்கப்பட்டு, இணைப்புத் தட்டின் வழியாக உந்துதண்டுக்குச் செல்கிறது. தண்டு பின்னணியத்தில் உள்ள குழாய் வழியாக வெளியேறி, முனையில் உள்ள விசிறியைச் சுழற்றுகிறது. தண்டு வெளியேறும் இடத்தில் நீர் உட்புகாதவாறு கொழுப்பூட்டிய கயிற்றுத் திரி அடைக்கப்பட்டிருக்கும். இவ்வகை அடைப்பில், தண்டு சுழலும்போது நீர் சொட்டுச் சொட்டாகக் கசிவது இயல்பே. அதுவே தண்டைக் குளிர்விக்கிறது. கசிவை முற்றிலும் நிறுத்த இறுக்கினால் தண்டு சூடேறித் தேயும்.

கோளாறைக் கண்டறிதல்

ஆற்றல் செல்லும் வழியை எஞ்சினில் இருந்து விசிறி வரை வரிசையாகச் சோதிப்பதே எளிய முறையாகும். குறை பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியே இருக்கக்கூடும் என்பதால், எஞ்சினைப் பிரிக்கும் முன் ஏனைய பகுதிகளைப் பார்த்தல் வேண்டும்.

எஞ்சின் ஓடியும் படகு நகராதபோது: படகை உறுதியாகக் கட்டிவிட்டு, கியரை முன்செலுத்து நிலையில் இட்டு, இணைப்புத் தட்டைச் சற்று விலகி நின்று பார்க்க வேண்டும். தட்டு சுழலாவிடில் கியர்க் கம்பி கழன்றிருக்கலாம், கியர் எண்ணெய் குறைந்திருக்கலாம் அல்லது கியரின் உராய்வுத் தட்டுகள் தேய்ந்திருக்கலாம். தட்டு சுழன்றும் படகு நகராவிடில் விசிறி கழன்று விழுந்திருக்கலாம் அல்லது அதைத் தண்டோடு பிணைக்கும் ஆப்பு முறிந்திருக்கலாம். சுழலும் தண்டின் அருகே வேட்டி, சாரம், கயிறு எதுவும் செல்லலாகாது.

எஞ்சின் சுழற்சி உயராது, கரும்புகை வரும்போது: எஞ்சின் மீது சுமை மிகுந்துள்ளது என்று பொருள். விசிறியில் வலையோ கயிறோ சுற்றியிருத்தல், அடிப்பகுதியில் கொட்டலசும் பாசியும் படிந்திருத்தல், காற்று வடிகட்டி அடைபடுதல் ஆகியன காரணங்களாகும்.

சுழற்சி உயர்ந்தும் வேகம் குறைந்திருக்கும்போது: கியர் வழுக்குதல், விசிறி இதழ் உடைதல் அல்லது தேய்தல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

அதிர்வு: இதழ் வளைதல், தண்டு வளைதல், தண்டைத் தாங்கும் இரப்பர்த் தாங்கி தேய்தல், எஞ்சினும் தண்டும் நேர்கோட்டில் இல்லாமை ஆகியன காரணங்களாகும். கரையேற்றிய படகின் உடல் வடிவம் சற்று மாறுவதால், நேர்கோட்டுச் சோதனையை நீரில் மிதக்கும்போதே முடிவு செய்தல் வேண்டும்.

எஞ்சின் விக்கி நின்றுபோதல்: டீசலில் நீர் கலத்தல், வடிகட்டி அடைபடுதல், எரிபொருள் குழாயில் காற்று புகுதல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடேறி நின்றால் கடல்நீர் வடிகட்டியையும் நீரேற்றியின் இரப்பர்ச் சக்கரத்தையும் பார்க்க வேண்டும்.

வழுக்கு வீதம்

விசிறி ஒரு சுற்றில் கோட்பாட்டளவில் முன்னேறும் தொலைவு அதன் புரியிடைத் தூரம் எனப்படும். இத்தூரம் 15 அங்குலம் (38 செ.மீ.) எனவும், எஞ்சின் நிமிடத்திற்கு 1800 சுற்றுகள், கியர் விகிதம் 2:1 எனவும் கொண்டால், விசிறி 900 முறை சுழன்று மணிக்குச் சுமார் 11 கடல் மைல் செல்ல வேண்டும். உண்மை வேகம் 7 கடல் மைல் எனில் வழுக்கு ஏறத்தாழ 37 விழுக்காடு ஆகும். வழுக்கு ஓரளவு இருப்பது இயற்கையே. படகு புதிதாக இருந்தபோது கணக்கிட்ட அளவைவிட இது உயர்ந்திருந்தால் விசிறியிலோ அடிப்பகுதியிலோ குறை உள்ளது என அறியலாம்.

நன்னீர்நிலைகளில்

திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே 1958 இல் கட்டப்பட்ட சாத்தனூர் அணையின் நீர்த்தேக்கம் போன்ற நன்னீர்நிலைகளில் கடல் கொட்டலசு வளர்வதில்லை. ஆயினும் கோடையில் நீர்மட்டம் தாழும்போது பாறைகளும் மரக்கட்டைகளும் விசிறியைத் தாக்கலாம், நீர்த்தாவரங்கள் சுற்றிக்கொள்ளலாம். சாத்தனூர் நீர்த்தேக்கத்தில் முதலைகள் வாழ்வதால், விசிறியைத் துப்புரவாக்க அங்கு நீரில் இறங்கலாகாது. படகைக் கரையேற்றியே செய்தல் வேண்டும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

உந்துகை நின்றவுடன் முதலில் செய்ய வேண்டியது, ஆழம் இடந்தரின் நங்கூரம் இடுவதாகும். பழுது பார்ப்பது அதற்குப் பின்னரே. விசிறியில் கை வைக்கும் முன் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட வேண்டும். உதவிக்கு விஎச்எஃப் வானொலியின் 16 ஆவது அலைவரிசையிலோ, இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணிலோ அழைக்கலாம்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. படகுகளைக் கரையேற்றி அடிப்பகுதி, தண்டு, விசிறி ஆகியவற்றைச் சீரமைக்க இக்காலம் பயன்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

டீசல் எஞ்சின்
சுக்கான்
பாக்கு நீரிணை
சாத்தனூர் அணை