எக்ஸ்டென்ஷன் வீட்டுக்கு வந்த கதை

1990களில் இந்திய அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி நன்றாகத் தெரியும். ரிசப்ஷனுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும். வெளியிலிருந்து நாலைந்து லைன் அதற்குள் வரும். அங்கிருந்து மேஜைக்கு மேஜை கம்பி ஓடும். ஆளுக்கொரு எக்ஸ்டென்ஷன் நம்பர் உண்டு. வெளியூருக்கு எஸ்.டி.டி. பேச வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆபரேட்டரிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் கம்பி போகிற தூரம்தான் எக்ஸ்டென்ஷனுக்கு எல்லை. மாலையில் அலுவலகத்தைப் பூட்டிய பிறகு மணி அடித்தால் எடுக்க ஆளிருக்காது.

இந்தப் பெட்டியை வாங்கக் காசில்லாத ஒரு மாணவரால்தான் கதை திரும்பியது. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மார்க் ஸ்பென்சர், 1999இல் லினக்ஸ் பழுது பார்த்துத் தரும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். வாடிக்கையாளர்களின் அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்க அப்படியொரு பெட்டி, அதாவது ஒரு பி.பி.எக்ஸ். வேண்டும், சந்தையில் விலையோ பல்லாயிரம் டாலர். ஆகவே அந்த வேலையைச் செய்யும் மென்பொருளை அவரே எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார். அதுதான் ஆஸ்டரிஸ்க். சாதாரணக் கணினி ஒன்று இருந்தால் போதும், ஓர் அலுவலகத்தின் தொலைபேசி நிலையம் தயார். இணையத்தில் அழைப்பைத் தொடங்கி முடிப்பதற்கான ‘சிப்’ என்ற நெறிமுறையின் முதல் வரையறையும் அதே 1999இல்தான் வந்தது. 2002இல் அது திருத்தி எழுதப்பட்டது. இன்றைய அலுவலக இணையத் தொலைபேசிகளில் பெரும்பாலானவை அந்தத் திருத்திய வடிவில்தான் பேசுகின்றன.

கம்பி போய் இணையம் வந்துவிட்டதால், எக்ஸ்டென்ஷன் எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஆனது. கொள்கையளவில் சரிதான். நடைமுறையில் முதல் தடங்கல் வீட்டு ரூட்டரிலேயே காத்திருந்தது.

இணைய முகவரிகள் தீர்ந்துவிடும் என்ற கவலையில் 1994இல் ஓர் உபாயம் முன்வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு உள்முகவரி கொடுத்து, வெளியே போகும்போது ரூட்டர் அதைத் தன் பொதுமுகவரியாக மாற்றி அனுப்பும். வலைப்பக்கம் பார்ப்பவருக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. சிப் தொலைபேசியோ, குரலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதைச் செய்தியின் உள்ளேயே எழுதிவைக்கிறது. ரூட்டர் மேலுறையை மாற்றும். உள்ளே இருப்பதைப் பொதுவாகத் தொடாது. அதில் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிதான் இருக்கும். பதில் கடிதத்தை ‘மாடி வீடு’ என்ற முகவரிக்கு மட்டும் போடச் சொன்னால் தபால்காரர் எங்கே போவார்?

விளைவு, அந்தக் காலத்தில் இதை அமைத்த எல்லோரும் சபித்த ‘ஒருவழிப் பேச்சு’. மணி அடிக்கும், எடுப்பார்கள், ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்கும். சிறிது நேரம் பேசாமல் விட்டால் ரூட்டர் அந்தத் தொலைபேசியை மறந்துவிடும்; அதற்குப் பிறகு வரும் அழைப்புக்கு மணியே அடிக்காது. ஆஸ்டரிஸ்க் அமைப்பவர்கள் நிலையத்தின் பொதுமுகவரி இது, உள்வலை இது என்று தனித்தனியாக எழுதிவைத்தார்கள். குரலுக்காக 10000 முதல் 20000 வரையிலான போர்ட்டுகளை ரூட்டரில் திறந்துவிட்டார்கள். தொலைபேசி இணைப்பில் இருக்கிறதா என்று அடிக்கடி தட்டிப் பார்க்கச் சொன்னார்கள். தன் பொதுமுகவரியைத் தொலைபேசியே கேட்டறிய ‘ஸ்டன்’ என்ற முறை 2003இல் வந்தது. ஸ்பென்சர் குழுவினர் வேறு வழியில் போய் ‘ஐஏஎக்ஸ்’ என்ற நெறிமுறையை உருவாக்கினார்கள். அழைப்பு, குரல் இரண்டும் 4569 என்ற ஒரே போர்ட் வழியாகப் போய்விடும். எளிமையில் அதுதான் மேல். ஆனால் தொலைபேசிக் கருவி செய்த பெரிய நிறுவனங்கள் சிப் பக்கமே நின்றதால் அது பின்தங்கிப்போனது.

வெளியிலிருக்கும் ஊழியருக்காகத் திறந்த கதவு திருடனுக்கும் திறந்ததுதான். அமெரிக்காவில் 2006இல் கைதான எட்வின் பெனா, பிற நிறுவனங்களின் இணையத் தொலைபேசி வலைகளுக்குள் புகுந்து, 1 கோடிக்கும் மேற்பட்ட நிமிடங்களை அவர்கள் கணக்கில் ஓட்டித் தன் வாடிக்கையாளர்களுக்கு விற்றவர். ஜாமீனில் வந்து தப்பியோடி, மெக்சிகோவில் பிடிபட்டு, 2010இல் 10 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். கருவிகளோடு வந்த கடவுச்சொல்லைப் பலர் மாற்றாமல் வைத்திருந்தது அவருக்கு வழிவிட்டது.

சிறு அலுவலகங்களின் நிலை இன்னும் மோசம். 100, 101, 102 என்று எக்ஸ்டென்ஷன்களை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் புழக்கத்துக்கு வந்தன. அன்றைய ஆஸ்டரிஸ்க், இல்லாத எண்ணுக்கு ஒரு பதிலும், இருக்கும் எண்ணுக்குத் தவறான கடவுச்சொல் கொடுத்தால் வேறொரு பதிலும் சொன்னது. எந்த எண் இருக்கிறது என்பதை நிலையமே காட்டிக்கொடுத்தது! இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லும் ஏற்பாடு பிறகுதான் வழக்கமானது. வி.பி.என். என்ற பாதுகாப்பான தனிவலை வழியாக மட்டும் வெளி எக்ஸ்டென்ஷனை அனுமதிப்பதும், தேவையில்லாத வெளிநாட்டு (ஐ.எஸ்.டி.) அழைப்பை அடைத்துவைப்பதும் அனுபவசாலிகளின் பாடமானது.

இந்தியாவில் இவற்றுக்கும் மேலாகச் சட்டம் நின்றது. வெளிநாட்டு அழைப்புகளில் வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் ஏகபோகம் முடிந்த கையோடு, 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசி அனுமதிக்கப்பட்டது. ஆனால் கணினியிலிருந்து உள்நாட்டுத் தொலைபேசிக்குப் பேசக் கூடாது என்றிருந்தது. இணையம் வழி வரும் குரலைச் சாதாரண லைனில் இறக்கினால் எஸ்.டி.டி. வருமானம் போய்விடும், அழைத்தவர் யார் என்று கண்டுபிடிப்பதும் கடினம் என்பது அரசின் கவலை. கவலையில் நியாயம் இருந்தது. அதற்குக் கண்ட மருந்துதான் அளவு மீறியது. கால் சென்டர்கள் தொலைத்தொடர்புத் துறையில் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. ஊழியர் வீட்டிலிருந்து அழைப்பை எடுக்க வேண்டுமென்றால் 1 கோடி ரூபாய் பிணைத்தொகை, முன்கூட்டித் தெரிவித்த முகவரி, தொலைத்தொடர்பு நிறுவனம் அமைத்துத் தரும் தனி வி.பி.என். எல்லாம் தேவைப்பட்டன. சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் கால் சென்டர்களின் இரவு ஷிப்டுக்கு வேன் வேனாக ஆட்களை ஏற்றி வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. இந்த விதியும் அவற்றில் ஒன்று.

2020 மார்ச் 13இல், ஊரடங்குக்குச் சில நாள் முன்பு, பிணைத்தொகையையும் தனி வி.பி.என். கட்டாயத்தையும் தொலைத்தொடர்புத் துறை தற்காலிகமாக நீக்கியது. ஏப்ரல் 30 வரை என்றிருந்த சலுகை, முதலில் ஜூலைக்கும், பின்னர் டிசம்பருக்கும் நீண்டது. நாடெங்கும் ஊழியர்கள் வீட்டு அறைகளிலிருந்து அழைப்புகளை எடுத்தார்கள். வானம் இடிந்துவிடவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 5இல் வந்த புதிய வழிகாட்டுதல் பதிவுசெய்யும் கட்டாயத்தையே ரத்து செய்தது. 2021 ஜூன் 23 அறிவிப்பு, கால் சென்டரின் இ.பி.ஏ.பி.எக்ஸ். உலகின் எந்த மூலையிலும் இருக்கலாம் என்றது. பொறியாளர்கள் வழி கண்டுபிடித்துப் பத்தாண்டுக்கு மேல் கழித்துக் கிடைத்த அனுமதி அது. அதைப் பெற்றுத் தந்ததில் பெரும்பங்கு ஒரு தொற்றுநோய்க்கு.