பொட்மின் விலங்கும் ஒரு மண்டையோடும்

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள பொட்மின் மேட்டுநிலத்திலே கரிய பெரும்பூனையொன்று உலவி ஆடுகளைக் கொல்கின்றதென மக்கள் பலகாலம் கூறிவந்தனர். 1995இல் பிரித்தானிய விவசாய அமைச்சு இதனை ஆராய்ந்தது. அத்தகைய விலங்கு உண்டென்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை. இல்லையென நிறுவுதலும் இயலாது என்பதே அதன் முடிவு.

அறிக்கை வெளிவந்த சில நாள்களிலே, ஃபோய் ஆற்றிற் சிறுவனொருவன் மண்டையோடொன்றைக் கண்டெடுத்தான். இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையினர் அது சிறுத்தையினதே என்றனர். ஆயின் அதனுள்ளே கிடந்த முட்டைக்கூடு, பிரித்தானியாவில் வாழாத வெப்பவலயக் கரப்பானுக்குரியது. பிறநாட்டிலே மடிந்து, தோல் விரிப்பின் பகுதியாக வந்துசேர்ந்த தலை அது!

1976 வரை அந்நாட்டிலே சிங்கத்தையும் சிறுத்தையையும் வீட்டில் வளர்க்க அனுமதிப்பத்திரம் வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டுச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கவே, சிலர் தம் விலங்குகளை வெளியே விட்டனர் என்பர். 1980இல் ஸ்கொத்லாந்திற் பொறியில் அகப்பட்ட பூமாவும் மனிதரோடு பழகியதாகவே காணப்பட்டது.

ஆடிழந்த உழவரை நாம் எள்ளி நகையாடல் தகாது. அவர்கள் கண்டது எதுவாயினும், சிறுத்தையின் தலையை அந்த ஆற்றுக்குக் கொணர்ந்தது, பிறநாட்டுக் காடுகளைத் தன் வீட்டு அலங்காரமாகக் கருதிய செல்வச் செருக்கேயாகும். அச்செருக்கின் சுவடுகளையே நாம் முதலில் தேடல் வேண்டும்.