சுமந்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர்

சினிமாவையும் சபாக்களையும் நம்பாமல் சொந்தமாகப் பாட்டுக் கட்டுபவர்களை இன்று 'இண்டி' இசைக்காரர்கள் என்கிறோம். பெயர்தான் புதிது. எங்கள் தென்காசிப் பக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே அப்படி ஒருவர் இருந்தார். அவர்தான் காவடிச்சிந்து அண்ணாமலை ரெட்டியார்.

1865-இல் சங்கரன்கோவில் அருகே சென்னிகுளத்தில் பிறந்தவர். திருவாவடுதுறைக்குப் போய் உ.வே.சாமிநாதையரிடம் சில காலம் பாடம் கேட்டார். ஆனால் பாடத்தை விடப் பாட்டு எழுதுவதில்தான் மனம் போனது. பிறகு ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரிடம் வந்து சேர்ந்தார். ஜமீன் அரண்மனை இருந்தது வீரகேரளம்புதூரில். குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாறாக ஓடிவரும் ஊர் அது.

மருதப்பர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்தார். நேர்கோட்டில் பார்த்தாலே 30 கிலோமீட்டருக்கு மேல்! கரிசல் காட்டு வெயில் வேறு. கூடவே நடந்த அண்ணாமலையார் வழிநெடுகப் பாடியவைதான் காவடிச்சிந்து என்று சொல்வார்கள்.

அந்தப் பாட்டைக் கேட்டாலே இது புரியும். 'தகிட தகிட' என்று மும்மூன்றாகத் துள்ளும் நடை. எதுகையும் மோனையும் அடுக்கடுக்காக வந்து, கடைசியில் இயைபு தாளத்தை இறக்கி வைக்கும். உட்கார்ந்து கேட்க எழுதியது அல்ல, கால் நடக்க எழுதியது. நண்பரின் தோளில் இருக்கும் பாரம் தெரியக் கூடாது, அவ்வளவுதான்!

"ஜமீன் சோறு சாப்பிட்டவர் எப்படி சுயேச்சைக் கலைஞர்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சங்கரன்கோவில் திரிபந்தாதி போன்ற பண்டிதர் மெச்சும் நூல்களையும் அவர் பாடியிருக்கிறார். அவற்றோடு நின்றிருந்தாலும் அரண்மனையில் மரியாதை கிடைத்திருக்கும். ஆனால் தெருவில் ஆடுகிறவர்களின் சிந்து வடிவத்தையும் அவர் எடுத்துக்கொண்டார். மருதப்பரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை. புரவலர் நண்பராகவும் இருந்ததால்தான் இது நடந்தது என்பது என் எண்ணம்.

1891-இல், 26 வயதிலேயே, அண்ணாமலையார் மறைந்தார். இன்று திரிபந்தாதியைப் படிப்பவர்கள் மிகக் குறைவு. சிந்தோ கச்சேரி மேடையிலும் ஒலிக்கிறது, காவடிக் கூட்டத்திலும் ஒலிக்கிறது. பாடுகிறவர்களில் பலருக்கு எழுதியவர் பெயர் தெரியாது என்பதுதான் வருத்தம்.

அடுத்த முறை குற்றாலம் வந்தால் சென்னிகுளத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். 2019-இல் பிறந்த தென்காசி மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது!