பாட்டு சிடிக்குள் ஒளிந்திருந்த பூதம் - சோனி பிஎம்ஜி ரூட்கிட் கதை

வீட்டுக் கணினி திடீரென்று மெதுவாகிவிட்டால் யாருக்கும் முதலில் வரும் சந்தேகம் வைரஸ்தான். உடனே அடுத்த கேள்வியும் வந்துவிடும், "எந்த சைட்டுக்குப் போனாய்? எதை டவுன்லோட் செய்தாய்?" திருட்டு மென்பொருள், முன்பின் தெரியாதவர் அனுப்பிய மின்னஞ்சல், நண்பனின் பென் டிரைவ் என்று சந்தேகப் பட்டியல் நீளும். கடையில் காசு கொடுத்து, ரசீதோடு வாங்கிய ஒரிஜினல் பாட்டு சிடியை மட்டும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆனால் 2005-ல் அதுதான் நடந்தது. லட்சக்கணக்கான கணினிகளுக்குள் ஒரு ஒளிவு நிரல் புகுந்தது. அதைப் புகுத்தியது ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த ஹேக்கர் அல்ல. அன்றைய உலகின் நான்கு பெரிய இசை நிறுவனங்களில் ஒன்றான சோனி பிஎம்ஜி! அதைக் கண்டுபிடித்த கதை ஒரு துப்பறியும் கதைக்குச் சற்றும் குறைந்ததல்ல. கணினியில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கு ஒரு நல்ல பாடமும் கூட.

முதலில் கொஞ்சம் பின்னணி

இசை சிடி 1982-ல் விற்பனைக்கு வந்தபோது, அதிலுள்ள பாட்டை ஒருவர் வீட்டிலேயே நகல் எடுக்க முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. அதனால் சிடியின் வடிவமைப்பில் எந்தப் பூட்டும் வைக்கப்படவில்லை. 1990-களில் கணினிகளில் சிடி டிரைவ் வந்தது, பிறகு எம்பி3 வந்தது, 1999-ல் நாப்ஸ்டர் வந்தது. ஒருவர் வாங்கிய சிடியை உலகமே கேட்கத் தொடங்கியது. இசை நிறுவனங்கள் ஆடிப்போயின.

பழைய சிடி பிளேயரில் ஓட வேண்டும், கணினியில் மட்டும் நகல் எடுக்க முடியக் கூடாது. இதற்கு ஒரு வழி, சிடியைப் போட்டவுடன் கணினிக்குள் ஒரு காவல்காரனை உட்கார வைப்பது. விண்டோஸில் இருந்த ஆட்டோரன் வசதி இதற்குக் கை கொடுத்தது. சிடியைப் போட்டால் அதிலுள்ள நிரல் தானாக ஓடும். விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்த வீட்டுப் பயனர்களில் பெரும்பாலோர் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடுதான் கணினியைப் பயன்படுத்தினார்கள். எனவே அந்த நிரல் எதை வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம்.

இந்த வகைப் பூட்டுகள் எவ்வளவு பலவீனமானவை என்பது 2003-லேயே தெரிந்துவிட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன், சன்காம் நிறுவனத்தின் மீடியாமேக்ஸ் பூட்டை ஆராய்ந்து, சிடியைப் போடும்போது ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் போதும், பூட்டு நிறுவப்படாது என்று எழுதினார். அந்த நிறுவனம் முதலில் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது, பிறகு பின்வாங்கியது. ஒரு விசையை அழுத்தியதற்கு வழக்கு!

இதே வரிசையில் இன்னொரு பூட்டைத் தயாரித்தது பிரிட்டனைச் சேர்ந்த பர்ஸ்ட் ஃபோர் இன்டர்நெட் என்ற நிறுவனம். பெயர் எக்ஸ்சிபி. அதைத்தான் சோனி பிஎம்ஜி 2005-ல் தன் சிடிகளில் பயன்படுத்தியது.

ரூட்கிட் என்றால் என்ன?

யுனிக்ஸ் கணினிகளில் சர்வ அதிகாரமும் உள்ள பயனருக்கு "ரூட்" என்று பெயர். ஒரு கணினிக்குள் புகுந்தவன், தான் புகுந்ததே தெரியாமல் அந்த அதிகாரத்தைத் தக்க வைத்துக்கொள்ள உதவும் கருவித் தொகுப்பு ரூட்கிட். இதன் வேலை அழிப்பதல்ல, மறைப்பது. "இந்த போல்டரில் என்னென்ன கோப்புகள் உள்ளன?" என்று ஒரு நிரல் விண்டோஸைக் கேட்டால், ரூட்கிட் நடுவில் புகுந்து தன் கோப்புகளின் பெயரை மட்டும் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டுப் பதிலைக் கொடுக்கும். கேட்டது எக்ஸ்ப்ளோரராக இருந்தாலும் சரி, வைரஸ் எதிர்ப்பு மென்பொருளாக இருந்தாலும் சரி, அதே பொய்தான் கிடைக்கும்.

அப்படியானால் இதைக் கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு சாட்சிகளைத் தனித்தனியாக விசாரிப்பதுதான் வழி. சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தை நடத்திய மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 2005-ல் வெளியிட்ட ரூட்கிட் ரிவீலர் அதைத்தான் செய்தது. முதலில் விண்டோஸைக் கேட்டு ஒரு பட்டியல் எடுக்கும். பிறகு விண்டோஸை நம்பாமல் வன்தட்டில் எழுதியிருப்பதை நேரடியாகப் படித்து இன்னொரு பட்டியல் எடுக்கும். இரண்டாவதில் இருந்து முதலாவதில் இல்லாதது எதுவோ, அதுவே ஒளிந்திருப்பது.

மார்க் துப்பறிந்த விதம்

2005 அக்டோபரில் மார்க், ரூட்கிட் ரிவீலரின் புதிய பதிப்பைத் தன் சொந்தக் கணினியிலேயே சோதித்துப் பார்த்தார். ஒளிந்திருக்கும் போல்டர் ஒன்று, ஒளிந்திருக்கும் டிரைவர்கள் சில, ஒளிந்திருக்கும் நிரல் ஒன்று என்று முடிவு வந்தது. விண்டோஸின் உள்ளமைப்பை அலசிப் புத்தகம் எழுதியவர், கண்ட கண்ட தளத்துக்குப் போகாதவர். அவர் கணினியிலேயே ரூட்கிட்!

அவர் உடனே எதையும் அழித்துவிடவில்லை, விண்டோஸை மறுபடி நிறுவவும் இல்லை. படிப்படியாகப் போனார்.

முதலில் கெர்னலின் சேவைப் பட்டியலைப் பார்த்தார். நிரல்கள் விண்டோஸிடம் கோரிக்கை வைக்கும்போது எந்த வேலைக்கு எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டும் அட்டவணை அது. அதில் சில வழிகள் விண்டோஸுக்குப் போகாமல் "ஏரிஸ்" என்ற டிரைவருக்குத் திருப்பி விடப்பட்டிருந்தன.

அந்த டிரைவரின் நிரலைப் பிரித்துப் படித்தார். விதி மிக எளிமையானது. "$சிஸ்$" என்று தொடங்கும் பெயருள்ள கோப்பு, போல்டர், ரிஜிஸ்ட்ரி விசை, ஓடும் நிரல் எதுவானாலும் மறைத்துவிடு. அவ்வளவுதான். சரிபார்க்க நோட்பேடின் ஒரு நகலுக்கு அந்த முன்னொட்டைப் போட்டுப் பெயர் மாற்றினார். நோட்பேட் கண் முன்னாலேயே மறைந்து போனது!

இதில்தான் பெரிய ஆபத்து இருந்தது. அந்த மறைப்பு சோனியின் கோப்புகளுக்கு மட்டும் என்று இல்லை. முன்னொட்டைத் தெரிந்துகொண்ட எவனும் தன் வைரஸுக்கும் அதே பெயரை வைத்து இலவசமாக ஒளிந்துகொள்ளலாம்.

மறைப்பை நிறுத்திவிட்டுக் கணினியை மறுபடி இயக்கியபோது எல்லாக் கோப்புகளும் தெரிந்தன. அவற்றின் உள்ளே பர்ஸ்ட் ஃபோர் இன்டர்நெட்டின் பெயர் இருந்தது. அந்த நிறுவனத்தைத் தேடிப் பார்த்தபோது சிடி பூட்டு விஷயம் தெரிந்தது. அப்போதுதான் அவருக்கு, தான் வாங்கிய வான் ஸான்ட் சகோதரர்களின் "கெட் ரைட் வித் தி மேன்" என்ற சிடி நினைவுக்கு வந்தது.

சிடியைப் போட்டுக் கவனித்தார். பாட்டை நிறுத்திய பிறகும் ஒளிந்திருந்த நிரல் ஓடிக்கொண்டே இருந்தது. 2 வினாடிக்கு ஒரு முறை, ஓடும் நிரல்களை எல்லாம் நோட்டம் விட்டது. இதற்குச் செயலியின் நேரத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை தின்றது. சிடி போட்டவுடன் "சம்மதமா?" என்று கேட்கும் ஒப்பந்தத்தில், கோப்புகளை மறைக்கப் போவதாக ஒரு வார்த்தை இல்லை. கன்ட்ரோல் பேனலில் நீக்கும் வசதியும் இல்லை. சேஃப் மோடில் கூட ஏறிக்கொள்ளும்படி டிரைவர்கள் அமைக்கப்பட்டிருந்தன.

சரி, கையாலேயே அழித்துவிடலாம் என்று டிரைவர்களை நீக்கினார். அடுத்த முறை கணினியை இயக்கியபோது சிடி டிரைவே காணவில்லை! காரணம், அந்த நிரல் சிடி டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் வடிகட்டி போல ஒரு டிரைவரைச் செருகியிருந்தது. சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்துவிட்டால் மீதியும் வேலை செய்யாது. ரிஜிஸ்ட்ரியில் அந்த வடிகட்டிகளின் பெயரையும் தேடி நீக்கிய பிறகே டிரைவ் திரும்பி வந்தது. மார்க்குக்கே இந்தப் பாடு என்றால் சாதாரண வீட்டுப் பயனரின் கதி?

வெடித்தது சர்ச்சை

2005 அக்டோபர் 31-ல் மார்க் இதையெல்லாம் தன் வலைப்பதிவில் படங்களோடு எழுதினார். சில நாட்களில் உலகச் செய்தியானது.

பின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனத்துக்கு இந்த விஷயம் முன்பே தெரிந்திருந்தது. நியூயார்க்கில் கணினி பழுது பார்க்கும் ஒருவர் சந்தேகப்பட்டு அவர்களுக்கு எழுதியிருந்தார். அவர்களும் அக்டோபர் தொடக்கத்திலேயே சோனி பிஎம்ஜிக்குத் தெரிவித்திருந்தார்கள். ஆனால் விற்பனை நிற்கவில்லை.

நவம்பர் 2-ல் மறைப்பை மட்டும் நீக்கும் ஒட்டு ஒன்று வெளியானது. பூட்டு அப்படியே இருந்தது. முழுவதும் நீக்க வேண்டுமானால் மின்னஞ்சல் முகவரி உட்பட விவரங்களைக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும்! சோனி பிஎம்ஜியின் டிஜிட்டல் பிரிவுத் தலைவர் தாமஸ் ஹெஸ்ஸே வானொலிப் பேட்டியில், ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாது, பிறகு ஏன் கவலைப்பட வேண்டும் என்ற பொருளில் பேசினார். எரிகிற தீயில் எண்ணெய்.

மார்க் பயந்தது நடந்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஏமாற்றுபவர்கள், காவல் நிரலின் கண்ணில் படாமல் இருக்க அந்த முன்னொட்டைப் பயன்படுத்தினார்கள். நவம்பர் 10-ல் அதே முன்னொட்டோடு ஒரு நிஜமான ட்ரோஜன் மின்னஞ்சலில் பரவியது. பாட்டு கேட்க வந்த நிரல் இப்போது வைரஸுக்கு வீடு கொடுத்தது.

அதோடு முடியவில்லை. நீக்குவதற்காகக் கொடுத்த நிரலே கணினியில் இன்னொரு ஓட்டையை விட்டுச் செல்கிறது என்று பிரின்ஸ்டனின் எட் ஃபெல்டனும், அதே ஹால்டர்மனும் கண்டுபிடித்தார்கள். எந்த வலைத்தளம் வேண்டுமானாலும் அந்த ஓட்டை வழியே கணினியில் தான் நினைத்த நிரலை ஓட்டலாம். நோயை விட மருந்து மோசம்! இதற்கிடையில் எக்ஸ்சிபிக்குள் லேம் என்ற திறமூல எம்பி3 மென்பொருளின் பகுதிகள், அதன் உரிம நிபந்தனையைப் பின்பற்றாமல் சேர்க்கப்பட்டிருப்பதும் வெளியானது. காப்புரிமையைக் காக்க வந்த நிரலின் லட்சணம் இது.

நவம்பர் நடுவில் சிடிகளைத் திரும்பப் பெறுவதாக சோனி பிஎம்ஜி அறிவித்தது. 52 ஆல்பங்கள். சுமார் 47 லட்சம் சிடிகள் தயாரிக்கப்பட்டு, அவற்றில் சுமார் 21 லட்சம் விற்றிருந்தன. பாதுகாப்பு ஆய்வாளர் டான் கமின்ஸ்கி இணையத்தின் டிஎன்எஸ் சேவையகங்களை ஆராய்ந்தார். 5 லட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சேவையகங்களில் இந்த நிரல் தொடர்பு கொள்ளும் முகவரிகளின் தடயம் இருந்தது. நிரலை நீக்கும் வசதியைத் தன் கருவிகளில் சேர்ப்பதாக மைக்ரோசாப்டும் அறிவித்தது.

நவம்பர் 21-ல் டெக்சாஸ் மாநிலம் வழக்குத் தொடுத்தது. மின்னணு உரிமை அமைப்பான ஈஎஃப்எஃப்பும் அதே நாளில் வழக்குப் போட்டது. 2006-ல் முடிந்த சமரசத்தில், வாங்கியவர்களுக்குப் பூட்டில்லாத சிடியும், அதோடு 7.50 டாலரும் ஒரு ஆல்பமும், அல்லது பணத்துக்குப் பதில் 3 ஆல்பங்களும் கிடைத்தன. 2007 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு ஏற்பட்ட சமரசத்தில், கணினி பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது.

யாருடைய கணினி?

சிடி பூட்டு முயற்சிகள் இதோடு படுத்துவிட்டன. 2009 வாக்கில் ஐடியூன்ஸ் உட்பட பெரிய கடைகள் பூட்டில்லாத பாட்டையே விற்கத் தொடங்கிவிட்டன. சிஸ்இன்டர்னல்ஸை 2006-ல் மைக்ரோசாப்ட் வாங்கியது. மார்க்கும் அங்கேயே சேர்ந்தார்.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த சிடிகள் பல மாதங்கள் கடைகளில் இருந்தன. லட்சக்கணக்கான கணினிகளில் காசு கொடுத்து வாங்கிய வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. விஷயம் வெடிக்கும் வரை பயனர்களை அது எச்சரிக்கவில்லை. ஒரு திருடன் செய்தால் வைரஸ், ஒரு கம்பெனி செய்தால் வசதியா? பாட்டின் உரிமை கம்பெனிக்கு இருக்கலாம். அந்தப் பாட்டைக் கேட்கும் கணினி, அதை வாங்கியவருக்கே சொந்தம்.

கணினியில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்படுபவர்களுக்கும் மார்க்கின் வழி இன்றும் பொருந்தும்:

1. சந்தேகப்படும் கணினி சொல்வதை மட்டும் நம்பாமல், வெளியிலிருந்து இன்னொரு சாட்சியைத் தேட வேண்டும். சுத்தமான வேறொரு சிடி அல்லது பென் டிரைவில் இருந்து கணினியை இயக்கி ஸ்கேன் செய்வது இதனால்தான்.
2. தெரியாத கோப்பு என்றவுடன் அழித்துவிடக் கூடாது. அது எதோடு இணைந்திருக்கிறது என்று பார்க்காவிட்டால், காணாமல் போன சிடி டிரைவின் கதைதான்.
3. முக்கியமான கோப்புகளின் நகல் எப்போதும் வேறிடத்தில் இருக்க வேண்டும்.
4. "நல்ல இடத்தில்தானே வாங்கினோம்" என்பது ஒரு ஆதாரமே அல்ல.

கடைசிப் பாடத்துக்குத்தான் உலகம் 21 லட்சம் சிடிகள் விலை கொடுத்தது.