உறைந்த தேம்ஸும் காமிராவும்

குளிர்காலத்தில் நகரத்து ஆற்றின்மேல் படியும் பனிக்கட்டியின் சௌந்தரியம், காலையில் கண்ட உருவத்தில் மாலையில் நில்லாத க்ஷணிக சௌந்தரியமாதலால், அதை எப்படியேனும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை, காமிரா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே லண்டன்வாசிகளின் மனத்தில் எழுந்துவிட்டது.

1209-இல் கட்டி முடிந்த பழைய லண்டன் பாலம், தன் 19 குறுகிய வளைவுகளால் தேம்ஸ் நதியை ஏறக்குறைய அணைபோல மறித்து நின்றமையால், கடுங்குளிர் கண்ட ஆண்டுகளில் ஆறு கெட்டியாக உறைந்து, அதன்மேல் கடைவீதியே எழும்பியது. 1683-84 குளிர்காலத்தில், அச்சுக்காரர்கள் தங்கள் யந்திரங்களைப் பனியின்மேல் நிறுத்தி, வந்தவர் பெயரைச் சிறு சீட்டில் அச்சடித்துக் கொடுத்து, பெயருக்கு 6 பென்ஸ் வாங்கினார்கள். இவ்வகையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 பவுன் வரும்படி என்று ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அப்படியானால் நாளுக்கு 200 பெயர்! இரண்டாம் சார்லஸ் மன்னரும் குடும்பத்தோடு வந்து, 1684 ஜனவரி 31 தேதியிட்ட சீட்டொன்றைப் பெற்றார். அதில் அரசர், அரசி முதலியோர் பெயர்களுக்குக் கீழே, கடைசி வரியில், ஆன் இளவரசியின் வயிற்றிலிருந்த சிசுவுக்கும் வேடிக்கையாக ஒரு பெயர் அச்சாகியிருக்கிறது. அந்தச் சிசு உயிரோடு பிறக்கவில்லை. உருகிப்போன ஆற்றையும் பிறவாமற்போன குழந்தையையும் ஒருங்கே காத்துவைத்திருக்கும் அக்காகிதத்தைப் புகைப்படத்தின் மூதாதை என்றே நான் கருதுகிறேன்.

பனியின்மேல் கடைசிச் சந்தை 1814 பிப்ரவரியில் கூடி 4 நாளில் கலைந்தது. 1831-இல் 5 அகன்ற வளைவுகளோடு புதிய பாலம் திறக்கப்பட்டு, பழையது இடிபட, நீர் தடையின்றி ஓடலாயிற்று. பின்னர் இஞ்சினீயர் பாஸல்ஜெட் எழுப்பிய கரைச்சுவர்கள் ஆற்றை ஒடுக்கி அதன் வேகத்தைக் கூட்டின. டாகேரும் டால்பாட்டும் ஒளியால் படமெழுதும் வித்தையை உலகுக்கு அறிவித்ததோ 1839-இல். பாலம் போய் 8 ஆண்டுகள் கழித்து!

1895 பிப்ரவரியில் பனிப்பாளங்கள், ஒன்றோடொன்று உராய்ந்து தாம்பாளம்போல விளிம்பு உயர்ந்து, நகருக்குள் மிதந்து வந்தபோது, காமிராக்காரர்கள் கரையில் நின்று படமெடுத்தார்கள். அவை மிதக்கும் பனியின் படங்களே. 1814-க்குப் பின் லண்டன் நகருக்குள் தேம்ஸ், சந்தை கூடும் அளவுக்கு ஒருமுறையும் உறையவில்லை.