பெயர்வதா? நிலைப்பதா?

தேர்தல் முடிந்து, தாம் விரும்பாத கட்சி ஆட்சிபீடம் ஏறிவிட்டால், இனி இந்நாட்டில் நமக்கு யாது வேலை, வேற்று நாடு செல்வோம் என்று பேசுவோர் எங்கும் உளர். நம் பட்டணங்களிலும் அப்பேச்சு புதியதன்று. அதனைக் கோழைத்தனம் என்று இகழ்தலும் பிழை. அறிவுடைமை என்று புகழ்தலும் பிழை. நாம் வெளியேறுவதை விரும்புகிறவர் யார், அதனால் நலம் பெறுகிறவர் யார் என்று ஆராய்தலே முறை. அவ்வாராய்ச்சிக்குத் தென்னாப்பிரிக்க நாட்டுச் சரித்திரம் நல்லதொரு சான்றாகும்.

1948 மே 26-ஆம் நாள் அந்நாட்டில் தேர்தல் நடந்தது. ஸ்மட்ஸின் ஐக்கியக் கட்சி ஏறக்குறைய 5,24,000 வாக்குகள் பெற்றது. டாக்டர் மலானின் தேசியக் கட்சி பெற்றது ஏறக்குறைய 4,02,000 மட்டுமே. எனினும், நாட்டுப்புறத் தொகுதிகளுக்கு அளிக்கப்பட்டிருந்த மிகுமதிப்பினால், மலானும் அவர்தம் துணைக் கட்சியும் 79 இடங்களைக் கைப்பற்றி அரசமைத்தனர். ஸ்மட்ஸ் தமது தொகுதியிலேயே தோல்வியுற்றார். இந்தியருட் பெரும்பாலோருக்கு அத்தேர்தலில் வாக்கே இல்லை. ஆயினும் அதன் முடிவு அவர்கள் தலைமேல் விழுந்தது. இந்தியர் அந்நியர், ஒட்டாதவர், இயன்றவரை அவர்களை இந்தியாவுக்கே அனுப்ப வேண்டும் என்பது வென்ற கட்சியின் கொள்கை.

இஃது அன்று பிறந்த எண்ணமன்று. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து 342 பேருடன் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு அவர்தம் கை வேண்டியிருந்தது. ஒப்பந்தம் தீர்ந்தபின் அவர்கள் வேண்டியதில்லை! தங்கிவிட்டவர் மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி விதிக்க 1895-இல் சட்டம் செய்தனர். 1913-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914-இல் உயிர் நீத்தாள். அவ்வாண்டே அவ்வரி ஒழிந்தது. வரியால் முடியாததைப் பணத்தால் முடிக்க எண்ணி, 1927-இல் கேப்டவுன் ஒப்பந்தத்தின்படி, ஊர் திரும்பும் வயது வந்தோர்க்குத் தலைக்கு 20 பவுன் கொடுத்தனர்.

அதைப் பெற்றுச் சென்றவர் கதி யாது? பவானி தயாளும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931-இல் வெளியிட்ட அறிக்கை அதனை விளக்கிற்று. கைப்பணம் கரைந்தது, வேலை கிடைக்கவில்லை, நேட்டாலிற் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தியா தாய்நாடாயில்லை. சாதிக் கட்டை அவிழ்த்து வாழ்ந்த குடும்பங்களுக்குக் கிராமம் கதவை அடைத்தது. தாய்நாடு என்னும் சொல் சோறு போடாது என்பதை அவர்கள் பட்டுணர்ந்தனர்.

நிலைத்தவர் சுகப்பட்டனரா? இல்லை. 1949 சனவரியில் டர்பன் கலகத்தில் 142 பேர் மாண்டனர். 1950-இன் குடியிருப்புப் பிரிவினைச் சட்டம் பல்லாயிரவரை வீட்டைவிட்டு விரட்டியது. எனினும் அவர்கள் தனித்து நில்லாமல், நாட்டின் பெருங்குடிகளான ஆப்பிரிக்கரோடு தோள் சேர்ந்தனர். டாக்டர் நாயக்கரும் டாக்டர் தாதுவும் 1947-இலேயே டாக்டர் சூமாவுடன் உடன்படிக்கை செய்திருந்தனர். 1952-இன் சட்ட மறுப்பில் 8,000-க்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். தாது 1960-இல் வெளிநாடு சென்றார். நாயக்கர் தடையுத்தரவுகளுக்கிடையே டர்பனிலேயே நின்றார். சென்றவரும் அந்நாட்டுக்கே உழைத்தார். 1961-இல் அவ்வரசே இந்தியரை நிலையான குடிகள் என ஒப்பிற்று. 1994 ஏப்ரல் 27-இல் எல்லா இனத்தாரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தனர். 46 ஆண்டுகள்!

மலேசியத் தமிழராகிய நமக்கும் இதிற் பாடமுண்டு. பட்டமும் பொருளும் உடையவர் ஒரு தேர்தலை வெறுத்து வேற்று நாட்டில் வீடு தேடலாம். அஃது அவர் உரிமை. செக்ரோலில் பெயருள்ள பால்மரத் தொழிலாளிக்கு அவ்வழி இல்லை. 1969-க்குப்பின் வேலை அனுமதிச் சீட்டுக்கு அஞ்சிக் கப்பலேறிய நம் பல்லாயிரவர் விரும்பிச் சென்றவரல்லர். குடியுரிமைப் பத்திரம் இன்மையால் தள்ளப்பட்டவர். ஆதலின், செல்பவரைத் தூற்றாதீர், நிற்பவரைக் கைவிடாதீர். பிறப்புச் சான்றும் அடையாள அட்டையும் இல்லாத பிள்ளை நம் லயத்தில் ஒன்றேனும் இருக்குமாயின், அதற்கு அவற்றைப் பெற்றுத் தருவதே முதற் கடமை. தோற்ற தேர்தல் ஐந்தாண்டில் மீண்டும் வரும்; இழந்த குடியுரிமை எளிதில் வாராது.