நிலவறையும் நெம்புகோலும்

தெருமுனை அடிபம்பில் நீர் இறைத்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பம்பு வறண்டு கிடந்தால் மேலே ஒரு செம்பு நீர் ஊற்றி, நாலைந்து முறை வேகமாக அடிக்க வேண்டும். முதலில் வெறும் மூச்சு வாங்கும் ஒலி வரும். பிறகு கையில் ஒரு கனம் ஏறும். நீர் 'பிடித்துவிட்டது' என்பது கண்ணுக்கு முன்பே தோளுக்குத் தெரிந்துவிடும்.

பல ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒரு பழைய மதுவிடுதியில், மேடைக்கு அப்பால் நின்ற பெண் நீண்டதொரு பிடியைத் தன் பக்கம் மெல்ல இழுத்தபோது, அந்தத் தோளசைவை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். முதல் இழுப்பில் வந்த திரவத்தை அவர் குடுவையில் பிடித்துக் கொட்டினார். அடுத்த இழுப்பில் கனம் ஏறியது. கோப்பை நிரம்பியது. அந்தப் பிடிக்கு 'பீர் எஞ்சின்' என்று பெயர் என்பதைப் பின்னர் அறிந்தேன். நீராவியோ மின்சாரமோ இல்லாத ஒரு கருவிக்கு எஞ்சின் என்ற பெயர் எப்படி வந்தது என்று தேடத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை.

கருவி மிக எளியது. மேடைக்கு அடியில் ஓர் உருளை. அதனுள் ஒரு பிஸ்டன். ஒரு திசையில் மட்டும் திறக்கும் வால்வுகள். அங்கிருந்து நிலவறையில் படுத்திருக்கும் பீப்பாய்க்கு ஒரு குழாய். நெம்புகோலை இழுத்தால் உருளையில் இருக்கும் பீர் மேலேறிக் கோப்பையில் விழும். விட்டுச் சென்ற இடத்தை நிரப்பக் கீழிருந்து அடுத்தது ஏறி வரும். இப்போதைய உருளைகள் பெரும்பாலும் அரை பைன்ட் கொள்பவை. ஆகவே ஒரு முழுக் கோப்பைக்கு இரண்டு நல்ல இழுப்புகள். உறிஞ்சு பம்பு நீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் தூக்காது என்ற புதிரை கலீலியோ 1638-ல் வெளியான தன் கடைசி நூலில் பதிவு செய்தார். நாம் காற்றுக்கடலின் அடியில் வாழ்கிறோம், அதன் எடையே நீரை மேலே தள்ளுகிறது என்று 1644-ல் எழுதிய கடிதமொன்றில் டாரிசெல்லி விடை சொன்னார். நிலவறையின் ஆழம் அந்த எல்லைக்குள் வசதியாக அடங்கிவிடும். பீரை மேலே கொண்டுவருவது பணிப்பெண்ணின் கை மட்டும் அன்று. லண்டன் நகரத்தின் மேல் கிடக்கும் காற்றும்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் புத்தகங்கள் இரண்டு பெயர்களைச் சொல்கின்றன. இரண்டையும் அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

முதலாமவர் ஜான் லாஃப்டிங். ஹாலந்தில் பிறந்து லண்டனில் குடியேறிய வணிகர். 1666-ன் பெருந்தீயை நகரம் மறந்திராத காலம் அது. 1690-ல் அவர் பெற்ற காப்புரிமை ஒரு தீயணைப்பு இயந்திரத்துக்கானது. அடுத்த ஆண்டு 'லண்டன் கெஸட்' இதழில் வந்த அவருடைய விளம்பரத்தில், தீயணைப்பு எஞ்சினோடு கூடவே, மணிக்கு 20 முதல் 30 பீப்பாய் வரை பீரை இறைக்கும் எஞ்சின் ஒன்றும் பேசப்படுகிறது. எஞ்சின் என்ற பெயர் அந்தக் காலத்துச் சொல்வழக்கின் எச்சம். சூழ்ச்சியுடன் அமைந்த எந்தப் பொறியும் அப்போது எஞ்சின்தான். ஆனால் மணிக்கு 20 பீப்பாய் என்பது எந்தக் குடிகாரனுக்கும் பரிமாறும் வேகம் அன்று. அது பீரைப் பெருந்தொட்டியிலிருந்து பீப்பாய்க்கும், ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கும் மாற்றும் வேலை, மதுவடிப்போரின் வேலை. கோப்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை. லாஃப்டிங் பின்னாளில் தையல்காரர்கள் விரலில் மாட்டும் உலோக உறைகளை நீர்ச்சக்தி ஆலையில் செய்து பெரும்பொருள் ஈட்டினார் என்பது எனக்கு இதைவிடச் சுவையான செய்தி.

இரண்டாமவர் ஜோசஃப் பிராமா. உழவர் குடும்பத்தில் பிறந்த தச்சர். நெடுங்காலம் யாராலும் திறக்க முடியாதிருந்த பூட்டையும், 1795-ல் நீரழுத்தப் பொறியையும் உருவாக்கிய மேதை. 1797-ல் அவர் பெற்ற காப்புரிமை உண்மையிலேயே மதுவிடுதிக்கானதுதான். ஆனால் அதில் அவர் முன்வைத்த முறை உறிஞ்சுவது அன்று, அழுத்துவது. நிலவறையில் பீரின் மேல் நகரும் மூடி ஒன்றை வைத்து, அதன்மேல் மணல் நிரப்பிய கனத்த பெட்டிகளை ஏற்றி, அந்த எடையால் பீரைக் குழாய்வழியே மேலே தள்ளுவது. நீரழுத்தப் பொறியைச் செய்த மனம் வேறெப்படிச் சிந்திக்கும்? அழகான யோசனை. ஆனால் நின்று நிலைத்தது அதுவன்று.

ஆக, ஒருவர் மொத்தமாக இறைத்தார். மற்றவர் மேலிருந்து அழுத்தினார். நாம் இன்று காணும் கைப்பம்பு, குழாய் வேலை செய்தவர்களும் பித்தளை, பியூட்டர் வேலை செய்தவர்களுமான பெயர் தெரியாத கைவினைஞர்களின் பட்டறைகளில் சிறிது சிறிதாக உருப்பெற்றிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். காப்புரிமை ஆவணங்களை மட்டும் வைத்து வரலாறு எழுதினால் இத்தகையோர் விடுபட்டுப் போகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் லண்டனில் இக்கருவி பரவலாகிவிட்டது. அதுவரை நிலவறைக்கும் குடிப்பவருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தவன் 'பாட்பாய்' எனப்பட்ட பையன். குடுவையோடு படியிறங்கி, பீப்பாயின் குழாயைத் திறந்து நிரப்பி, படியேறி வந்து மேசைக்கு மேசை ஊற்றுவான். வழியில் எவ்வளவு சிந்தியது, எவ்வளவு அவன் வயிற்றுக்குள் போனது என்பது முதலாளிக்குத் தெரியாது. கைப்பம்பு வந்ததும் பரிமாறுவது முழுக்க முதலாளியின் கண்ணெதிரே வந்துவிட்டது. அதோடு விடுதியின் உருவமே மாறியது. பழைய விடுதி ஒரு வீடு போன்றது. அறைகளில் அமர்ந்திருப்பார்கள், மது தேடி வரும். இப்போதோ பம்புகளைப் பொருத்த ஒரு மேடை வேண்டும். மேடை இருக்குமிடத்துக்குக் குடிப்பவர் வரவேண்டும். கடைக்கல்லாவைப் போன்ற நீண்ட மேடை, அப்பால் விற்பவர், இப்பால் வாங்குபவர். இன்று உலகமெங்கும் 'பார்' என்றதும் மனதில் எழும் சித்திரத்துக்கு இந்தப் பிடிகள் ஒரு முக்கியமான காரணம். விக்டோரியா காலத்தில் பர்மிங்ஹாமின் கேஸ்கெல் அண்ட் சேம்பர்ஸ் போன்ற நிறுவனங்கள், பூவேலைப்பாடு கொண்ட பீங்கான் பிடிகளோடு இவற்றை வீட்டு அலங்காரப் பொருள்களைப் போலச் செய்து விற்றன.

அந்தப் பிடிகளைப் பற்றியிருந்த கைகளில் ஏராளமானவை பெண்களுடையவை. 1908-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த மதுவிற்பனை உரிம மசோதாவில், மதுவிடுதிகளில் பெண்கள் வேலை செய்வதைத் தடுக்கும் அதிகாரத்தை நீதிபதிகளுக்கு அளிக்கும் பிரிவொன்று இருந்தது. ஒழுக்கத்தைக் காக்கும் நோக்கம். அவர்கள் பிழைப்பு என்னாகும் என்று கேட்டவர் ஐரியக் கவிஞர் ஈவா கோர்-பூத். அவ்வாண்டு மான்செஸ்டரில் நடந்த இடைத்தேர்தலில், அவரும் அவருடைய சகோதரி கான்ஸ்டன்ஸ் மார்க்கிவிச்சும் குதிரை வண்டியில் ஊர்சுற்றி, அரசுத் தரப்பு வேட்பாளரான வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எதிராகப் பேசினார்கள். சர்ச்சில் தோற்றார். காரணங்கள் பல, மதுவிடுதிப் பெண்களும் அவற்றுள் ஒன்று. அந்தத் தடை சட்டமாகவில்லை.

இருண்ட பக்கமும் உண்டு. குழாய்கள் நெடுங்காலம் ஈயத்தால் ஆனவை. பீர் சற்றே அமிலத்தன்மை கொண்டது. இரவெல்லாம் குழாயில் தேங்கி நின்றால் ஈயத்தைக் கரைத்துக்கொள்ளும். டெவன் பகுதியில் ஆப்பிள் மது குடிப்போரை வாட்டிய வயிற்றுவலிக்கு ஈயமே காரணம் என்று மருத்துவர் ஜார்ஜ் பேக்கர் 1767-லேயே காட்டியிருந்தார். பம்புகள் பரவியது அதற்குப் பின்னர்! காலையில் முதலில் வரும் பீரைக் கொட்டிவிட வேண்டும் என்று எச்சரிக்கப்பட்டது. விடியற்காலையில் வேலைக்குப் போகும் வழியில் ஒரு கோப்பை அருந்தியவர்கள் யார் என்று யோசித்தால், கொட்டப்படாத முதல் கோப்பைகள் யாருக்குப் போயிருக்கும் என்பது விளங்கும். யார்க்கில் அந்தப் பெண் முதல் இழுப்பைக் கொட்டியது சுவைக்காக மட்டுமே. குழாய்கள் இப்போது நெகிழி.

இனி பீப்பாய்க்குள் இருப்பதைப் பார்ப்போம். கைப்பம்பு இல்லாமல் அதையும், அது இல்லாமல் கைப்பம்பையும் புரிந்துகொள்ள முடியாது. வடிகட்டப்படாத, சூடேற்றிப் பதப்படுத்தப்படாத பீர் அது. ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. பீப்பாய்க்குள்ளேயே மீண்டும் மெல்லப் புளிக்கிறது. நம்மூர்க் கள்ளின் தூரத்து உறவு என்று சொல்லலாம். கள்ளைப் போலவே இதற்கும் ஒரு பருவம். முன்னால் பச்சை, பின்னால் காடி. 11 முதல் 13 டிகிரிக் குளிரில் அதைக் கிடத்தி, மேல்துளையில் அடித்த சிறு மரமுளையின் வழியே மிகுந்த வாயு வெளியேற விட்டு, தெளியும்வரை காத்திருக்க வேண்டும்.

தெளிய வைக்க இடப்படுவது மீனின் காற்றுப்பை. நம் கடற்கரைகளில் நெட்டி என்று அழைக்கப்படும் அதே பொருள். ரஷ்ய ஸ்டர்ஜன் மீனிலிருந்து எடுக்கப்பட்டது விலை மிகுந்ததால், மாற்றுத் தேடிய ஆங்கிலேயரின் கண் இந்தியக் கடல்களின் மீது விழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் தாவரவியலாளருமான ஜான் ஃபோர்ப்ஸ் ராய்ல், இந்தியக் கடற்கரைகளில் இப்பொருளை உற்பத்தி செய்வது பற்றி 1842-ல் தனியாக ஒரு நூலே எழுதினார். மதுவடிப்போரின் தேவை எங்கெல்லாம் வலை வீசியிருக்கிறது!

சிக்கல் இனிமேல்தான். பம்பை ஒருமுறை இழுத்து அரை பைன்ட் பீரை வெளியே எடுத்தால், அந்த அளவு காற்று பீப்பாய்க்குள் நுழைகிறது. முதல் நாளில் அந்தக் காற்று சுவையை மென்மையாக்குகிறது என்பார்கள். மூன்றாம் நாள் அதே காற்று பீரைச் சாகடிக்கிறது. ஒவ்வொரு இழுப்பும் பீப்பாயில் எஞ்சியிருப்பதன் ஆயுளைக் குறைக்கிறது. 9 காலன் கொண்ட சிறு பீப்பாயில் ஏறத்தாழ 70 கோப்பைகள். மூன்று நாள்களில் 70 பேர் அதைக் குடித்தாக வேண்டும். கூட்டம் இல்லாத விடுதியில் நல்ல பீர் இருக்க முடியாது. தனிமனிதனால் வாங்கி வைத்துக்கொள்ள முடியாத, ஓர் ஊரே சேர்ந்து முடிக்க வேண்டிய பானம்.

மதுவடிப்பு நிறுவனங்கள் இதற்கு மாற்றுத் தேடியதில் வியப்பில்லை. 1930களில் லண்டனை அடுத்த ஈஸ்ட் ஷீன் பகுதியின் டென்னிஸ் சங்கத்தில் வார இறுதியில் மட்டும்தான் குடிப்பதற்கு ஆளிருக்கும். இடைப்பட்ட நாள்களில் பீப்பாய் கெட்டுவிடும். அங்குதான் வாட்னி நிறுவனம், வடிகட்டிச் சூடேற்றி உலோகக் கலத்தில் அடைத்து, கரியமில வாயுவின் அழுத்தத்தால் வெளித்தள்ளும் 'ரெட் பேரல்' பீரைச் சோதித்தது. பிராமாவின் மணற்பெட்டிகள் வாயு வடிவில் திரும்பி வந்தன எனலாம். 1960களில் இந்தக் 'கெக்' பீர் நாடெங்கும் பரவியது. பொத்தானைத் தட்டினால் போதும். கெடாது, நிலவறையில் காத்திருக்கும் பொறுமையும் தேவையில்லை. விடுதிகளிலிருந்து கைப்பம்புகள் கழற்றி எறியப்பட்டன.

1971-ல் அயர்லாந்தின் மேற்குக் கரையில் விடுமுறைக்குச் சென்ற நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் தொடங்கிய இயக்கம்தான் 'கேம்ரா'. தாடிவைத்தவர்களின் விளையாட்டு என்று சிரித்தார்கள். பின்னாளில் அதன் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1974-ல் வெளிவந்த அவர்களுடைய வழிகாட்டி நூலின் முதற்படிகளில், வாட்னியின் பீரைக் கொள்ளைநோயைப் போலத் தவிர்க்குமாறு எழுதியிருந்தது; அஞ்சிப்போன அச்சகத்தார் சொல்லைச் சற்றே தணிக்க வேண்டியிருந்தது. இந்த இயக்கத்தால் கைப்பம்பு பிழைத்தது. மேடைமேல் பிடி நின்றால் கீழே உயிருள்ள பீர் உண்டு என்று பொருள் என்ற நம்பிக்கை குடிப்பவர் மனதில் வேரூன்றியது.

இயக்கங்களுக்கே உரிய பிடிவாதமும் கூடவே வந்தது. பீப்பாயில் காலியாகும் இடத்தைக் காற்றுக்குப் பதிலாக, அழுத்தமில்லாத கரியமில வாயுவால் நிரப்பும் ஒரு சிறு கருவி உண்டு. கூட்டம் குறைந்த கிராமத்து விடுதிகளில் பீரைச் சில நாள் கூடுதலாகக் காப்பாற்ற உதவுவது. அதைக் கேம்ரா நெடுங்காலம் எதிர்த்தது. 2018-ல்தான் எதிர்ப்பைக் கைவிட்டது. அதற்குள் எத்தனை கிராமத்து விடுதிகள் கைப்பம்பை விட்டொழித்தனவோ! கோட்பாட்டின் தூய்மைக்காகக் கொடுத்த விலை அதிகம் என்பது என் எண்ணம்.

2024-ல் கார்ல்ஸ்பர்க் மார்ஸ்டன்ஸ் நிறுவனம் 'ஃப்ரெஷ் ஏல்' என்ற பெயரில் ஒரு பீரைக் கொண்டுவந்தது. மதுவடிப்பு ஆலையிலேயே புளிப்பு முடிந்து, கெக் கலத்தில் அடைக்கப்பட்டது. திறந்தபின் இரண்டு வாரம் தாங்கும் என்றார்கள். விடுதிக்காரருக்குப் பெரும் வசதி. ஆனால் அதைப் பரிமாறுவது கைப்பம்பின் வழியே. இது குடிப்பவரை ஏய்ப்பது என்று கேம்ரா வணிகத் தர அதிகாரிகளிடம் முறையிட்டது. கைப்பம்பைப் பார்த்து வாங்குபவர் கீழே இருப்பது என்ன என்று தனக்குத் தெரியும் என்றே நம்புகிறார் என்பது அவர்கள் வாதம். ஒரு பம்பு எதை இறைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே என்று எதிர்த்தரப்பு கேட்டால், லாஃப்டிங்கும் பிராமாவும் ஒருவேளை அவர்கள் பக்கமே நின்றிருப்பார்கள்.

பிடி அதே பிடி. தோள் அதே அசைவு. நிலவறைக்கு இறங்கி, மரமுளையைத் தட்டி, பீர் தெளிந்துவிட்டதா என்று விளக்கொளியில் தூக்கிப் பார்க்க வேண்டிய வேலை மட்டும் ஒருவருக்குக் குறைந்திருக்கிறது.